ஊசி போட்ட பிறகு

மருத்துவமனை வார்டுகளில் ஒரு செவிலியின் கீர்த்தி எதனால் பரவுகிறதென்று பார்த்தால், பெரும்பாலும் அவள் முதல் குத்திலேயே சிரையைப் பிடித்துவிடுகிறாளா என்பதைக் கொண்டுதான் பரவுகிறது. "அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் வரட்டும், அவங்கதான் நோகாமப் போடுவாங்க" என்று நோயாளிகள் பிடிவாதம் பிடிப்பதும், வற்றிப்போன கைகளைக் கண்டு மலைத்த பயிற்சி டாக்டர்கள் அடுத்த வார்டிலிருந்து ஆளனுப்பி அழைத்துப்போவதும் இந்தத் தொழிலில் கிடைக்கிற சிறு பெருமைகள்; எனக்கும் அவை கிடைத்ததுண்டு, அவற்றில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. ஆயினும், ஓய்வு பெற்று வீட்டில் இருந்துகொண்டு பழையவற்றை நினைத்துப் பார்க்கிறபோது, அந்தக் கீர்த்தி வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியதென்றே எனக்குத் தோன்றுகிறது. ஊசி உள்ளே போக அரை நிமிஷம் ஆகும். அதன் வழியே செல்லும் மருந்து சாதுவானதாக இருந்தால் அத்துடன் காரியம் முடிந்தது. அதுவே உக்கிரமான மருந்தாக இருந்தால், செவிலியின் வேலை அந்த அரை நிமிஷத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வேலை சரியாக நடந்தால் எதுவும் நிகழ்வதில்லை; எதுவும் நிகழாததற்காக எவரும் எவரையும் புகழ்வதும் இல்லை.

உக்கிரமான மருந்துகள் என்று நான் சொல்வது, சிரைக்குள் செல்லும்போதே அதன் உட்சுவரை எரிச்சல்படுத்தி வீங்கச் செய்பவற்றையும், சிரையை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையையும் தோலையும் புண்ணாக்கிவிடக் கூடியவற்றையும். இவை எரிப்பதற்குக் காரணங்கள் பல. நம் இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையே ஒரு மயிரிழையில் நிற்பது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினோ 12-ஐ ஒட்டியது, அசைக்ளோவிர் 11-ஐ ஒட்டியது, வான்கோமைசின் அதற்கு நேர்மாறாக அமிலப் பக்கம் சாய்ந்தது. சில மருந்துகளில் குற்றம் அடர்த்தியில் இருக்கிறது: சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு ஏற்றுகிற 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இரத்தத்தைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக அடர்ந்தது, மூளை வீக்கத்துக்குத் தருகிற 20 சதவீத மானிட்டால், குளிர்காலத்தில் பாட்டிலுக்குள்ளேயே படிகமாக உறைந்து, வெந்நீரில் வைத்து இளக்கினால்தான் தெளிகிற அளவுக்குச் செறிந்தது. இவையன்றி, நார்அட்ரினலின்போல இரத்தக் குழாயைச் சுருக்கி அந்த இடத்துத் தசையைப் பட்டினி போடுபவையும், புற்றுநோய்க்குத் தருகிற வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின்போல உயிரணுவையே அழிப்பவையும் தனி வர்க்கத்தைச் சேர்ந்தவை.

சிரையின் உட்சுவரோ ஒரே ஓர் உயிரணுவின் பருமனுள்ள மெல்லிய படலம். அந்தப் படலத்தைக் காப்பாற்ற நமக்கு உள்ள உபாயங்கள் இரண்டுதான்: மருந்தைக் கரைத்து மென்மையாக்குவது, கரைத்ததை மெதுவாகச் செலுத்துவது. ஒரு படி உப்பை வாய்க்காலில் கொட்டுவதற்கும் ஆற்றுவெள்ளத்தில் கொட்டுவதற்கும் உள்ள பேதமே புறங்கைச் சிரைக்கும் இதயத்தை ஒட்டிய மேற்பெருஞ்சிரைக்கும் உள்ள பேதம். மேற்பெருஞ்சிரையில் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு இரத்தம் பாய்கிறது. எவ்வளவு கொடிய மருந்தும் அந்த வேகத்தில் நொடியில் கரைந்துபோகும். ஆகையால்தான் லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலுக்கு மேற்பட்ட திரவங்களைக் கைச்சிரையில் தொடர்ந்து ஏற்றலாகாது என்று இக்காலத்து வழிகாட்டு நூல்கள் விதித்திருக்கின்றன. ஆனால் கழுத்து வழியாக சென்ட்ரல் லைன் போடும் வசதி தீவிர சிகிச்சைப் பிரிவோடு நின்றுபோகும் இடங்களில், பொது வார்டுச் செவிலிக்குக் கிடைப்பது வாய்க்கால்தான். அந்த வாய்க்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே எங்கள் வித்தை.

நான் வேலைக்குச் சேர்ந்தது தென்கோடி மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்து எடுத்த காலம் அது. பிளாஸ்டிக் குழல் ஊசியை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டேவிட் மாஸா என்ற மருத்துவர் 1950-லேயே உருவாக்கிவிட்டார் என்றாலும், எங்கள் வார்டுக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதுவரையில் இரும்பு ஊசியே கதி. கை அசைந்தால் அதன் கூர்முனை சிரையின் மறுபக்கச் சுவரைத் துளைத்துவிடும். ஆகையால் மருந்துப் பெட்டி அட்டையை முழங்கை நீளத்துக்கு வெட்டி, பஞ்சு வைத்து, பேண்டேஜ் சுற்றி, கையை அதன்மேல் கட்டிவைப்போம். அந்த அட்டை கட்டுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய பின்தான் எங்கள் ஹெட் சிஸ்டர் என்னை மருந்து ட்ராலிப் பக்கம் விட்டார்கள். பின்னாளில் வென்ஃப்ளான் என்ற அந்தப் பிளாஸ்டிக் குழல் ஊசி வந்தது. மஞ்சள், நீலம், ரோஸ், பச்சை என்று நிறம் பார்த்து அளவு சொல்லும் சௌகரியம் வந்தது. பட்டர்ஃப்ளை என்ற இரும்பு ஊசியில் உக்கிர மருந்து ஏற்றக் கூடாதென்ற விதிக்கு, பழைய இரும்பு ஊசிக் காலமே சாட்சி.

ஊசி போட இடம் தேர்ந்தெடுப்பதில் எங்கள் ஹெட் சிஸ்டருக்கு அசைக்க முடியாத சில கோட்பாடுகள் இருந்தன. புறங்கையில் சிரை பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக அங்கே போகக் கூடாது. தோலுக்கும் எலும்புக்கும் இடையே அங்கே சதையே இல்லை, கசிந்த மருந்து நேரே தசைநாண்களைத் தின்னும். முழங்கை மடிப்பில் பெரிய சிரை கைக்கு வசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவும் போகக் கூடாது; அங்கே வீக்கம் சீக்கிரம் வெளியில் தெரியாது, தமனியும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகின்றன. மணிக்கட்டும் வேண்டாம். முன்கையின் நடுப்பாகத்தில், விரலால் அழுத்தினால் துள்ளி எழுகிற நேரான சிரைதான் வேண்டும். அதில் ஊசி சிரையை அடைத்துக்கொள்ளாமல் சுற்றிலும் இரத்தம் ஓட இடமிருக்க வேண்டும். அன்றைக்கே மேலே ஓரிடத்தில் குத்தித் தவறியிருந்தால், அதற்குக் கீழே மருந்து ஏற்றலாகாது. மேலேயுள்ள ஓட்டை வழியாக அது வெளியேறிவிடும். இவற்றையெல்லாம் அவர்கள் பாடமாகச் சொன்னதில்லை. நாங்கள் தேர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டூர்னிக்கேயை அவிழ்த்து வேறு கையில் கட்டுவார்கள்.

ஊசி சிரைக்குள்தான் இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளப் பாட்டிலைக் கைக்குக் கீழே தாழ்த்தி இரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பது வழக்கம். அது நல்ல பழக்கமே. ஆனால் ஊசியின் முனை பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றாலும் இரத்தம் திரும்பும். அதைவிட நம்பத்தக்க பரீட்சை ஒன்றுண்டு. ஊசி முனைக்கு நாலு விரற்கடை மேலே சிரையை விரலால் அழுத்திக்கொண்டு சொட்டறையைப் பார்க்க வேண்டும். சொட்டு நின்றுவிட்டால் திரவம் சிரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அழுத்திய பிறகும் சொட்டு நிற்காமல் விழுமானால், அது போகிற வழி சிரை அல்ல. இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். அதன்பின் பத்து மில்லி நார்மல் சலைனைச் செலுத்திப் பார்த்து, வீக்கமோ வலியோ இல்லையென்று கண்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும்.

ஃபெனிடாயின் கொடுக்கும் காட்சியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் தொடர் வலிப்போடு வந்து சேர்கிறான். 50 கிலோ எடை என்று மதிப்பிட்டு டாக்டர் 1000 மில்லிகிராம் எழுதுகிறார். ஓர் ஆம்பியூலில் 100 மில்லிகிராம்; ஆகப் பத்து ஆம்பியூல்களை உடைக்க வேண்டும். கையில் எட்டுகிற பாட்டில் டெக்ஸ்ட்ரோஸாக இருந்தால், அதில் இந்த மருந்தைக் கலந்த மாத்திரத்தில் வெண்மையாகத் திரிந்து படிந்துவிடும். இதற்கு நார்மல் சலைன் ஒன்றே ஏற்றது. நூறு மில்லி சலைனில் கலந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். நிமிஷத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆகவே 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். வேகம் மிஞ்சினால் இரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். உறவினர் நாலுபேர் கதவருகே நின்றுகொண்டு, "சீக்கிரம் ஏத்துங்கம்மா" என்று கெஞ்ச, ஒரு கை சொட்டுச் சக்கரத்திலும் ஒரு கை அவன் நாடியிலுமாக அந்த 20 நிமிஷமும் நிற்பதற்கு, குத்துவதைவிடப் பன்மடங்கு திடசித்தம் வேண்டும். முடிந்த பிறகு சலைனால் சிரையைக் கழுவிவிட்டாலும், வேலை முடிந்ததாகாது. சில மணி நேரம் கழித்து ஊசி போட்ட இடத்தைச் சுற்றி ஊதா நிறம் பரவி, விரல்கள் வரை வீங்கி, கையுறை மாட்டியதுபோல் ஆகிவிடும் விபரீதம் ஒன்று இந்த மருந்துக்குண்டு. ஆகையால் அடுத்த ஷிஃப்டும் அந்தக் கையைப் பார்த்தாக வேண்டும்.

எரிச்சலை முதலில் அறிவிப்பது நோயாளியின் நாக்கு. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கும், தோல் சிவப்பதற்கும் முன்பே அவருக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நம் ஜனங்களிடம் ஒரு விசேஷம் உண்டு. காயத்தில் டிங்க்சர் பட்டுச் சுரீரென்றால்தான் புண் ஆறும் என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆகையால், மருந்து எரிவதை அதன் வீரியத்துக்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வாந்தி பேதியில் உடம்பிலிருந்த பொட்டாசியம் எல்லாம் வடிந்து, காலைத் தூக்க முடியாமல் கிடந்த நடுவயதுக்காரர் ஒருவருக்கு ஒரு சமயம் கே.சி.எல். ஓடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கை எரியுதா?"

"எரியத்தானம்மா செய்யும். மருந்துன்னா எரிஞ்சாத்தானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

"எம்புட்டு நேரமா எரியுது?"

"நீங்க பாட்டில மாட்டுனதுல இருந்தே. சொன்னா நிப்பாட்டிருவீங்களோன்னுதான் சொல்லல."

ஓட்டத்தைக் குறைத்து, பக்கத்தில் சாதாரண சலைனும் சேர்ந்து ஓடும்படி செய்ததும் எரிச்சல் தணிந்தது. அன்று முதல், உக்கிர மருந்து எதைத் தொடங்கினாலும், "எரிஞ்சாச் சொல்லணும்; எரியறது நல்லதுக்கில்ல; சொன்னா நாங்க மருந்த நிறுத்திற மாட்டோம், கையத்தான் மாத்துவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். புகார் சொன்னால் சிஸ்டர் கோபிப்பார்கள் என்ற அச்சம் வார்டில் இருக்கும் வரையில், மேலே சொன்ன பரீட்சைகள் யாவும் அரைகுறையே.

பொட்டாசியத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. பத்து மில்லி ஆம்பியூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலண்ட் இருக்கிறது. அதை அப்படியே சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். செறிவு மிகுந்த இத்தகைய உப்புக் கரைசல்களைக் கட்டுப்படுத்துவதை, 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளுள் ஒன்றாகவே வைத்தார்கள். எங்கள் ஹெட் சிஸ்டர் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஆம்பியூல்களைத் தனி டப்பாவில் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார்கள். தொங்குகிற பாட்டிலில் மருந்தைச் செலுத்திவிட்டுப் போனால், கனமான அந்தக் கரைசல் அடியில் தங்கி, முதல் சில நிமிஷங்களில் திரண்டு இறங்கிவிடும். ஆகையால் பாட்டிலைக் கீழே இறக்கி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கியபின்தான் மறுபடி மாட்ட வேண்டும். அரை லிட்டர் சலைனில் ஓர் ஆம்பியூல் கலந்து நான்கு மணி நேரத்தில் ஓட்டுவதாயின், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிஷத்துக்கு 42 சொட்டு. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம்.

நாவால் சொல்லக் கூடியவர் பாடு இப்படியென்றால், சொல்ல முடியாதவர் பாடு என்ன? பச்சிளங்குழந்தைக்குக் கால்சியம் குளுக்கோனேட் கொடுக்கும்போது, சமஅளவு கரைத்து, ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துத் துடிப்பு மந்தப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர் பத்து நிமிஷம் துளித்துளியாகச் செலுத்துவார். குழந்தை அழும், ஊசிக்காக அழுகிறதா, பசிக்காக அழுகிறதா, கசிவுக்காக அழுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, கண்ணும் விரலும்தான் தீர்மானிக்க வேண்டும். கால்சியம் கசிந்த தோல் அன்றைக்குச் சாதாரணமாக இருந்து, நாள் கழித்துக் கருத்து உரிவதை நான் கண்டிருக்கிறேன். வேறோர் ஊரிலிருந்து அனுப்பப்பட்ட சிசு அது. கையைச் சுற்றிலும் பிளாஸ்டரால் மூடிவிட்டிருந்தார்கள். அவிழ்க்கும் வரை உள்ளே நடப்பது எவருக்கும் தெரியவில்லை. ஊசி முனைக்கு மேலுள்ள தோல் எப்போதும் திறந்து தெரிய வேண்டும் என்பதை அதன்பின் பயிற்சி மாணவிகளுக்கு நான் சொல்லாத நாள் இல்லை.

சீழ் இரத்தத்தில் பரவி அழுத்தம் விழுந்து, நினைவில்லாமல் வந்த ஓர் ஆச்சிக்கு இரவு ஷிஃப்டில் நார்அட்ரினலின் தொடங்க நேர்ந்தது. சென்ட்ரல் லைன் போடுகிற மயக்க மருத்துவர் தியேட்டரில் இருந்தார். அவர் வரும்வரை கைச்சிரையைத்தான் நம்ப வேண்டும். மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே மற்றொரு கையில் இரண்டாவது வென்ஃப்ளான் போட்டு வைத்துக்கொண்டேன். காரணம் இதுதான்: முதல் லைன் கசிந்துவிட்டால் மருந்தை அங்கே உடனே நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், அந்த நிமிஷத்தில் புதுச் சிரை தேட அவகாசம் கிடையாது. கால் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்து வருகையில், நள்ளிரவுக்குப் பிறகு ஊசியிலிருந்து மேல்நோக்கி, சிரை போகிற தடத்தில் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. மருந்தை மறுகைக்கு மாற்றினேன். பழைய ஊசியைப் பிடுங்கிவிடாமல், அதன் வழியாகவே சிரிஞ்சால் உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சி எடுத்தபின் அதைக் கழற்றி, வெளுத்த எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதி, கையைத் தலையணைமேல் உயர்த்தி, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, டாக்டருக்குச் சொன்னோம். ஃபென்டாலமின் என்ற மாற்று மருந்தைச் சுற்றிலும் ஊசியாகப் போடுவது உத்தமம். அது எங்கள் மருந்தகத்தில் இல்லாததால் நைட்ரோகிளிசரின் களிம்பு தடவச் சொன்னார். விடிவதற்குள் தோல் பழைய நிறத்துக்குத் திரும்பியது. ஆச்சிக்குத் தம் கைக்கு என்ன நேர இருந்ததென்பது கடைசிவரை தெரியாது.

ஒத்தடத்திலும் பேதம் பார்க்க வேண்டும். ஐஸ் வைத்தால் எல்லா வீக்கமும் வற்றும் என்ற நம்பிக்கை இங்கே அபாயகரமானது. சிவப்பு நிறமுள்ள டாக்ஸோரூபிசின் கசிந்தால் குளிர் ஒத்தடம்; வின்கிரிஸ்டின் கசிந்தாலோ சூடுதான் வேண்டும், கூடவே மருந்தைப் பரவவிட்டுக் கரைக்கிற ஹயலுரானிடேஸ் ஊசியும் வேண்டும். 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிற அந்தச் செடியைத் தென்மாவட்டங்களில் வயலில் பயிரிட்டு, இலையும் வேரும் உலர்த்தி ஏற்றுமதி செய்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பிழைக்கவைக்கிற அதே சாரம், சிரைக்கு வெளியே ஒரு துளி நின்றால் சதையை அழித்துவிடும். முதுகுத்தண்டில் தவறிச் செலுத்தினால் உயிரையே போக்கிவிடும். ஆகையால்தான் இப்போது அதைச் சிரிஞ்சில் கொடுக்காமல் சிறு பையில் கரைத்துத் தரச் சொல்கிறார்கள்.

நாள்தோறும் கையாளுகிற மருந்துகளிடமும் அசட்டை கூடாது. வாந்திக்கும் அரிப்புக்கும் நாம் சர்வசாதாரணமாகப் போடுகிற பெனர்கன், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் ஓர் இசைக்கலைஞருக்குச் சிரையில் நேரடியாகச் செலுத்தப்பட்டபோது, தமனியைச் சென்றடைந்து, கை அழுகி, முழங்கைக்குக் கீழே அதை வெட்டியெடுக்க நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2009-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதே ஆண்டில் அம்மருந்தின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. தலைவலிக்காக வந்து கையை இழந்தவர் அவர். கிடார் வாசிப்பவர் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இவ்வளவும் படித்த இளம் செவிலியர்கள் என்னிடம் கேட்கக் கூடிய கேள்வி எனக்குத் தெரியும். "நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர் கையருகே 20 நிமிஷம் நின்றால் மற்றவர்களை யார் பார்ப்பது?" கேள்வி நியாயமானது. அதற்கு விடை செவிலியின் பொறுமையில் இல்லை, வேலைப் பங்கீட்டில் இருக்கிறது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் உணர வேண்டும். நான் பொறுப்பிலிருந்தபோது என் சக்திக்குட்பட்டுச் செய்தவை சில. உக்கிர மருந்துகளை ஒரே நேரத்தில் தொடங்காமல் வெவ்வேறு மணிக்குப் பிரித்து எழுதும்படி டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டேன். அந்த மருந்து ஓடுபவர்களை நர்ஸ் மேஜைக்கு எதிரேயுள்ள படுக்கைகளுக்கு மாற்றினேன். ஷிஃப்ட் மாறும்போது மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் படித்து ஒப்படைக்கும் வழக்கத்தை நிறுத்தி, வருபவரும் போகிறவரும் படுக்கையருகே சேர்ந்து நின்று கையைத் தொட்டுப் பார்த்து, சிவப்பு, வீக்கம், வலி மூன்றும் உண்டா இல்லையா என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். முதல் வாரத்தில் முணுமுணுப்பு இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ் தவறுகிறது என்றார்கள். பிறகு வழக்கமாகிவிட்டது.

புதிதாக வருகிற பெண்கள் முதல் குத்திலேயே சிரையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது நோயாளிக்குச் செய்கிற பெரிய உபகாரம். ஆனால் அவர்களுக்கு வேலை மதிப்பீடு எழுதுகிற மேலதிகாரிகள், எத்தனை பேருக்கு லைன் போட்டாள் என்று கேட்பதோடு, போட்ட லைனை எத்தனை முறை போய்ப் பார்த்தாள் என்பதையும் கேட்டு எழுதுவார்களானால், இந்தத் தொழிலின் கீர்த்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.